மாரிக்கு முன் வளவு மண்ணைப் பார்ப்போம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், உரும்பிராயில் மண்வெட்டி போட்டால் செம்மண் வரும். தென்மராட்சியில் பல இடங்களில் மணல்தான். கோப்பாய்ச் செம்மண்ணில் மாமி கத்தரிக்குச் செய்ததைக் கொடிகாமத்து மணலில் அப்படியே செய்தால் சரிவராது. அதனால் எரு வாங்க முன் மண்ணைப் பாருங்கள்.

1. போத்தல் சோதனை

ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுங்கள். கல், வேர் நீக்கி, கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மணல் கூட என்றால் தண்ணீரும் பசளையும் நில்லாது. களி கூட என்றால் ஈரமாக இருக்கும்போது கொத்தாதீர்கள், காய்ந்ததும் கட்டிபட்டுவிடும்.

2. வினாகிரி சோதனை

காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் இது இங்கே புதினமில்லை. இப்படியான மண்ணுக்கு மேலும் சுண்ணாம்பு போடாதீர்கள், அடுப்புச் சாம்பலையும் குவிக்காதீர்கள். சுண்ணாம்பு போடும் ஆலோசனை புளிப்பு மண்ணுக்கு உரியது. சுண்ணாம்பு மண்ணில் குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு யூரியா மருந்தில்லை.

3. குழை தாழ்த்தல்

பச்சை இலைதழையை மண்ணில் புதைக்கும் இது, நம் தோட்டக்காரர் கைவிடக்கூடாத வேலை. எந்த மண்ணுக்கும் உதவும். மண்வெட்டி ஆழத்துக்குக் கான் வெட்டி, அடியில் பழைய வேலியின் பனையோலையைத் துண்டாக்கிப் பரப்புங்கள். அதன்மேல் பூவரசங்குழை, கிளிசரியா (சீமைக்கிளுவை) குழை. மண்ணால் மூடித் தண்ணீர் விட்டு, மூன்று நான்கு கிழமை விட்டுவிடுங்கள். உடனே கன்று நட்டால், உக்கும் குழையின் சூடு வேரைத் தாக்கும். குழை சீக்கிரம் உக்கிச் சத்தாகும். பனையோலை மெதுவாக உக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மணல் வளவில் இதை ஒவ்வொரு போகமும் செய்ய வேண்டும்.

4. அளவாக எரு

சூடும் நாற்றமும் அடங்கிய, நன்றாக உக்கிய மாட்டெரு சதுர மீற்றருக்கு 2 அல்லது 3 கிலோ போதும். கூடப் போட்டால் கூடக் காய்க்கும் என்று நினைக்க வேண்டாம். மாரி மழையில் எருவிலிருந்து மிஞ்சிய நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பு சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து, கொதிக்க வைத்தாலும் போகாது. யூரியா போடுவதானாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள், பெருமழைக்கு முதல்நாள் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கன்று நட்டதும், தண்டில் முட்டாமல் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சருகு பரப்பிவிடுங்கள்.