செயலியில் காசு கட்டியும் வாசலில் நிறுத்தினால்

கோலாலம்பூர் பேரங்காடிகளில் கைப்பேசியில் நாமே ஸ்கேன் செய்து வாங்கும்போது, திருட்டுப் பழி வருவது பெரும்பாலும் சின்னத் தவறால்தான். ஐந்து பொட்டலம் மீ (நூடுல்ஸ்) எடுத்து ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்திருப்போம். அடித்தளக் கடைகளில் இணையம் அறுந்து, பொருள் பட்டியலில் ஏறியிருக்காது. பெயர் திரையில் வந்த பிறகே பையில் போடுங்கள். காசு கட்டுமுன் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

இ-வாலட்டில் பணம் கழிந்தால் மட்டும் போதாது, கடைச் செயலியின் ரசீதும் வர வேண்டும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேட்டரி தீர்ந்தால் வாசலில் காட்ட ஆதாரம் இருக்காது!

பாதுகாவலர் நிறுத்தினால் ரசீதைக் காட்டி, பொருள் பொருளாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விடுபட்டதற்குப் பணம் கட்ட முன்வரலாம். 'திருடினேன்' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவின்படி நேர்மையற்ற நோக்கம் இருந்தால்தான் திருட்டு. மறதி அதில் சேராது. பல மடங்கு அபராதம் கேட்டு மிரட்டினால், போலீசைக் கூப்பிடச் சொல்லுங்கள். பாதுகாவலர் பிடித்துவைத்தால் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. கைதானால், அதே சட்டத்தின் 28ஏ பிரிவின்படி உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளக் கேளுங்கள்.

சிசிடிவி பதிவு அழியுமுன், அதைப் பத்திரப்படுத்தும்படி அன்றே கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.