கல்கிசையில் சர்ஃப் மாட்: பாயில் காற்று எவ்வளவு, உயிர்காப்பாளரிடம் கேட்பது எப்படி

கடையில் தொங்கும் பிளாஸ்டிக் மிதவையையும் சர்ஃப் மாட்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் பொதுவானது உள்ளே இருக்கும் காற்று மட்டும்தான். அந்த மிதவை நீச்சல் குளத்தில் படுத்துக் கிடப்பதற்கென்று செய்தது. தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். சர்ஃப் மாட் நைலோன் துணியில் செய்தது. உட்புறம் காற்றுப் புகாத பூச்சு, நீளவாக்கில் நாலைந்து குழாய்கள், நீளம் ஏறத்தாழ 4 அடியிலிருந்து 5 அடிக்குள். காற்றை இறக்கிச் சுருட்டினால் தோள்பைக்குள் அடங்கிவிடும். அதன் மேல் நெஞ்சை வைத்துப் படுத்து, காலில் ஃபின்ஸ் என்ற நீச்சல் துடுப்புகளைப் போட்டு உதைத்து அலை பிடிக்க வேண்டும். இனி இதைப் பாய் என்றே எழுதுகிறேன்.

இது புது விளையாட்டு இல்லை. 1930களில் சிட்னியில் ஏர்னஸ்ட் ஸ்மித்தேர்ஸ் என்ற மருத்துவர் றப்பரில் ஒன்றைச் செய்தார். 'சர்ஃபோபிளேன்' என்ற பெயரில் அவுஸ்திரேலியக் கடற்கரைகளில் அதை வாடகைக்கும் விட்டார்கள். பிறகு கலிபோர்னியாவின் ஜோர்ஜ் கிரீனோ வந்தார். முழங்காலிட்டு ஓட்டும் சர்ஃப் பலகையில் பெயர் எடுத்த அவர் காற்றுப் பாயிலும் பெரிய அலைகளை வேகமாக ஓடிக் காட்டினார். பலகையில் எழுந்து நிற்க முடியாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று இதைப் பார்ப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பின்னேரம் முழுக்கக் கணித வகுப்புகள் எடுப்பதால் காலை நேரம்தான் எனக்குச் சொந்தம். சிட்னியில் இருக்கும் மச்சாள் ஒருமுறை வரும்போது பாயைக் கொண்டுவந்து தந்தாள். கொழும்பில் நல்ல பாய் தேடி அலைவதைவிட, வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது சுலபம். பாயோடு ஃபின்ஸும் சேர்த்துக் கேளுங்கள். நீச்சல் குளத்துக்கான நீளமான ஃபின்ஸ் சரிவராது. குட்டையாக, இறுக்கமாக, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் றப்பர் ஃபின்ஸ்தான் வேண்டும். ஃபின்ஸ் இல்லாவிட்டால் பாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பாயை ஓட்டுவது கால்கள்தான். கால்களுக்கு வலு இல்லாவிட்டால் நீங்களும் ஒரு மிதவைதான்.

வெள்ளவத்தையில் வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே தண்டவாளத்துக்கு அப்பால் பாறாங்கல் அரண், தண்ணீருக்குள்ளும் கல். வெள்ளவத்தை வாய்க்காலும் தெஹிவளை வாய்க்காலும் அந்தப் பக்கம்தான் கடலில் விழுகின்றன. மழை பெய்த அடுத்த நாள் அந்தத் தண்ணீரில் முகம் வைக்க எனக்கு மனம் வராது. காலிமுகத்திடல் பார்ப்பதற்கு அழகு, அவ்வளவுதான். கொழும்பில் பாய்க்கு ஏற்ற இடம் கல்கிசைதான். அகலமான மணல் இருக்கிறது, ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போனால் போதும், எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கடந்துதான் மணலுக்கு இறங்க வேண்டும். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

காலம் பார்க்க வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிப்பு. அந்த மாதங்களில் கொழும்புக் கரையில் பாயை எடுப்பதே இல்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் இறங்கியிருக்கும். அலை இடுப்பளவு, சில நாள் முழங்காலளவு. பழகுவதற்கு அதுதான் வேண்டும். முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பைப் பாருங்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகப் போகும் கரைக்குக் காற்றின் திசையும் வேகமும் தனியாகச் சொல்வார்கள். நம் ஊரில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் நேர அட்டவணை பார்த்துத் தலையை உடைக்க வேண்டியதில்லை. காற்றைப் பார்த்தால் போதும்.

காற்றில் ஒரு விஷயம் கவனியுங்கள். தை, மாசிக் காலைகளில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அலையின் முகம் வழுவழுப்பாக, ஒழுங்காக வரும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கையிலிருந்து நழுவிய பாயை அதே காற்று வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். நீங்கள் மேலே படுத்திருக்கும்வரை பாய் தண்ணீரோடு ஒட்டியே கிடக்கும், பிரச்சினை குறைவு. ஆள் விழுந்த பிறகுதான் அது பறக்கத் தொடங்குகிறது. போன பாயைத் துரத்திக்கொண்டு யாரும் நீந்தக் கூடாது. இதை எந்த விட்டுக்கொடுப்பும் இல்லாமல் சொல்கிறேன். பாய் போகட்டும், நீங்கள் கரைக்கு வாருங்கள்.

இப்போது உயிர்காப்பாளர். கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்கிறார்கள். காற்றடைத்த எதைக் கண்டாலும் அவர்கள் விசில் ஊதுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நீந்தத் தெரியாதவர் மிதவையில் ஏறுகிறார். அது அவரை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒரு அலை அதைக் கவிழ்க்கிறது. நடப்பது இதுதான். மேடையில் நிற்கும் ஒருவருக்கு நூறு மீற்றர் தள்ளி இருப்பது நல்ல பாயா, பொம்மை மிதவையா என்று தெரியாது. உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்றும் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவது நம்முடைய வேலை.

ஆகவே பாயில் காற்றை நிரப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்காதீர்கள். சுருட்டிய பாயையும் ஃபின்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைப்பதற்கு முன்னமே போங்கள். முதலில் கடலைப் பற்றிச் சிங்களத்தில் கேளுங்கள் (மல்லி என்றால் தம்பி): "மல்லி, அத முஹூத கொஹொமத?" இன்றைக்குக் கடல் எப்படி என்று கேட்டால் யாரும் முகம் திருப்ப மாட்டார்கள், அந்தக் கரையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். எந்த இடத்தில் தண்ணீர் இழுக்கிறது, நேற்று எங்கே குழி விழுந்தது, எல்லாம் சொல்வார்கள். அப்புறம் பாயை விரித்துக் காட்டி, "மேக்க பாவிச்சி கரன்ன புளுவன்த?" என்று கேளுங்கள். பாவிக்கலாமா என்பதுதான் கேள்வி. சிங்களம் ஓடாவிட்டால் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம். ஃபின்ஸைக் காட்டினால் பாதி விளங்கிவிடும். நீந்தத் தெரியும் என்பதையும், இடுப்பளவு தண்ணீரிலிருந்து அலை பிடித்துக் கரைக்கே திரும்புவேன் என்பதையும் சொல்லுங்கள். எதுவரை போகலாம் என்று அவரையே கையால் காட்டச் சொல்லுங்கள். அவர் எத்தனை மணிவரை நிற்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இறங்கிப் போகும் நேரத்தில் நீங்களும் வெளியே இருக்க வேண்டும்.

ஒருநாள் ஒரு தம்பி வேண்டாம் என்றார். அன்று அலை சின்னது, எனக்கு ஆசை அதிகம். சரி என்று பாயைப் பையில் வைத்துவிட்டு ஃபின்ஸ் மட்டும் போட்டு இறங்கி, உடம்பாலேயே அலை பிடித்தேன். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வெளியே வந்ததும் பாயைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்தார். அடுத்த முறை போனபோது தன் மேடைக்கு நேரே இறங்கச் சொல்லி அனுமதித்தார். எனக்கு ஃபின்ஸோடு நீந்தத் தெரியும் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். வாயால் எவ்வளவு சொன்னாலும் அதற்கு ஈடாகாது. வேண்டாம் என்றால் ஏன் என்று ஒருமுறை கேட்கலாம், தெரிந்துகொள்வதற்காக. வாதாடுவதற்காகக் கேட்காதீர்கள். அவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் கடலைப் பார்க்க ஆள் இல்லை.

சிவப்புக் கொடி நின்றால் இறங்குவதில்லை. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால், இடையில் இருப்பது அவர்கள் கண்காணிக்கும் பகுதி, அதற்குள்ளேயே நில்லுங்கள். போயா நாளிலும் ஞாயிறு பின்னேரத்திலும் அந்தப் பகுதி நிறையக் குழந்தைகள் இருப்பார்கள். அந்த நேரம் பாய்க்கு உரியதல்ல. விடிந்து கொஞ்ச நேரத்தில் போனால் கரை காலி, ஆனால் உயிர்காப்பாளர் வந்துவிட்டாரா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். தனியாகப் போகாமல் யாரையாவது கரையில் உட்கார வைத்துவிட்டுப் போவது எனக்கு நிம்மதி.

லண்டனுக்கோ சிட்னிக்கோ பாயோடு போகிறவர்களுக்கு இரண்டு வரி. பிரித்தானியக் கடற்கரைகளில் செம்மஞ்சள் நிறத்தில் துணிக்குழாய் ஒன்று கம்பத்தில் பறந்தால், காற்று கடல் பக்கம் வீசுகிறது, காற்றடைத்த எதுவும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி பலகைக்காரர்களுக்கான பகுதி. எந்த ஊரிலும் பாய் நீச்சல்காரர் பக்கமா, பலகைக்காரர் பக்கமா என்பதை மேடையில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு காற்று. ஆரம்பக்காரர் எல்லாரும் பாயைக் கல்லாக இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுகிய பாய் அலையின் மேல் துள்ளும், திரும்பாது, உங்களைக் கவிழ்க்கும். வாயால் ஊதுங்கள். ஓட்டோவுக்குக் காற்றடிக்கும் கடைக்குக் கொண்டுபோனால் தையல் பிரிந்துவிடும். முக்கால்வாசி ஊதியதும் பாயைக் கடலில் நனைத்து எடுங்கள். வெயிலில் சூடான காற்று தண்ணீரில் குளிர்ந்து சுருங்கும். அதற்குப் பிறகு பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். இனி கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு முனையும் தொங்க வேண்டும். மேலே படுத்தால் நெஞ்சு தண்ணீர் மட்டத்துக்கு வர வேண்டும். நாள்பட்ட பஞ்சுத் தலையணை மாதிரித் தொய்வாக இருந்தால் சரி. இவ்வளவு தொய்வா என்று சந்தேகம் வரும் அளவுதான் பெரும்பாலும் சரியான அளவு.

தொய்வாக இருப்பதால்தான் பாய் வேகமாக ஓடுகிறது. அலையின் வளைவுக்கு ஏற்ப அதுவும் வளைந்து படிகிறது. முன் இரண்டு மூலைகளையும் கைகளால் பிடித்திருக்கிறீர்கள். மூலையை நசுக்கினால் காற்று மற்றப் பக்கம் ஓடி அந்த இடம் இறுகும், விட்டால் இளகும். வேகம் வேண்டும்போது நசுக்குங்கள், திரும்பும்போது இளக்குங்கள். இதைச் சொல்லால் விளக்குவதைவிட, முழங்காலளவு நுரையில் படுத்து நசுக்கிப் பார்த்தால் கை தானாகப் படித்துவிடும்.

முதல் சில நாட்கள் உடைந்து வரும் வெள்ளை நுரையில் மட்டும் பழகுங்கள். இடுப்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்து நில்லுங்கள், நுரை வர இரண்டு பாகத் தூரம் இருக்கும்போது பாயில் நெஞ்சைப் போட்டு உதைக்கத் தொடங்குங்கள். மோவாய் பாய்க்கு மிக அருகில், முழங்கைகள் உள்ளே. பாயின் பின்பக்கம் இடுப்போடு முடியும், கால்கள் தண்ணீருக்குள் இருக்கும். உதைக்கும்போது கால்கள் தண்ணீருக்கு மேலே வந்து அடிபட்டால் சத்தம்தான் மிச்சம். நுரை தூக்கியதும் உதைப்பை நிறுத்தாமல் இன்னும் நாலு உதை. பிடித்துவிட்டால் தெரியும், பாய் உங்களுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். வயிற்றுக்குக் கீழே தண்ணீர் சலசலவென்று போவதைக் கேட்கலாம். எனக்கு உலகத்தில் பிடித்த சத்தம் அது.

நேராக ஓடப் பழகிய பின் உடையாத அலைக்குப் போகலாம். உடையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும்: அலை இடப்பக்கமிருந்து உடைந்து வந்தால் வலது முழங்கையை அழுத்தி வலது ஃபின்ஸைத் தண்ணீரில் இழுக்கவும். பாய் அலையின் முகத்தில் பக்கவாட்டாக ஓடும். மணல் தட்டுப்படும் ஆழத்துக்கு வருமுன் காலைத் தொங்கவிட்டு நிறுத்துங்கள். கல்கிசையில் சில நாள் கரையோரத்திலேயே அலை மடிந்து விழும். அன்று தலைகீழாக மணலில் குத்தும் ஆபத்து உண்டு, கழுத்துக்கு நல்லதல்ல, வீட்டுக்குப் போய்விடுங்கள்.

நீரோட்டம் இழுத்தால் பாயை விடாதீர்கள். ஹோட்டல் இருக்கும் பாறைமுனைப் பக்கம் போகாமல் இருப்பது முதல் பாதுகாப்பு, பாறையோரமாகத்தான் இழுவை உருவாகும். இழுபட்டால் பாயில் படுத்து மூச்சு எடுங்கள், ஒரு கையை நேராக மேலே தூக்குங்கள். உதவி வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. கரையை நோக்கி எதிர்த்து உதைத்துக் களைக்காமல், கரைக்கு இணையாக உதைத்து இழுவையை விட்டு வெளியே வாருங்கள். கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு பொலிஸின் 119, அம்புலன்சுக்கு 1990 என்ற இரண்டு இலக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றிப் பெண்கள் கேட்பதுண்டு. முழுக்கை ராஷ் கார்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் மேற்சட்டை) நீளக் காற்சட்டையும் போடுங்கள். நைலோன் உரசி முழங்கையும் வயிறும் புண்ணாகும்; வெயிலுக்கும் நல்லது, கரையில் பார்ப்பவர்களைப் பற்றி யோசிக்கவும் தேவையில்லை. சுடிதார் துப்பட்டாவோடு இறங்குவது ஆபத்து.

கல்கிசையில் நன்றாகப் பழகிய பின் தென்கரையில் இருக்கும் வெலிகம போகலாம். ரயில் நேரே போகிறது, மணல் அடி, நீளமாக ஓடும் மெதுவான அலை. ஆனால் பலகை பழகுபவர்கள் கூட்டமாக இருப்பதால் அவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி ஓடுங்கள். கிழக்குக் கரையின் அறுகம்குடா சோளகக் காலத்துக்கு உரியது. அங்கே நிலமுனையைச் சுற்றி உடையும் அலைக்கு அடியில் கல், அனுபவம் வந்த பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, வால்வைத் திறந்து, நிழலில் காயப் போடுங்கள். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், தனியாக ஃபின்ஸோடு ஐம்பது மீற்றர் நீந்திக் காட்டும்வரை கொடுக்க வேண்டாம். என் மருமகனுக்கு இன்னும் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறான்.