காதில் விழுந்ததை மட்டும் எண்ணாதீர்கள்

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழி வேறுபாட்டு ஆய்வில் ஆர்வம் பிறப்பது இயல்பு. வீட்டில் ஒரு தமிழ், பாடப் புத்தகத்தில் வேறு தமிழ், தெருவில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலம், போதாததற்குப் பிரெஞ்சும் படிக்கிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பேச்சில் எப்படியெல்லாம் மாறுகின்றன என்று ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களில் பலர் தொடக்கத்திலேயே ஓர் இடத்தில் இடறுகிறார்கள். வித்தியாசமாகக் காதில் பட்டதை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

பிரெஞ்சு எதிர்மறையை எடுத்துக்கொள்வோம். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு வகுப்பில் 'ஜெ நெ ஸே பா' என்று சொல்லித்தருகிறார்கள். சாதாரணப் பேச்சில் அந்த 'நெ' பெரும்பாலும் வராது. மாணவர் மணிக்கணக்கில் பதிவைக் கேட்டு, 'நெ' விட்டுப்போன இடங்களைத் தொகுத்துக்கொண்டு வருவார். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. 'நெ' வந்திருக்கக்கூடிய எல்லா இடங்களையும், வந்தது வராதது இரண்டையும் சேர்த்து எண்ணினால்தான் விகிதம் கிடைக்கும். 1960களில் இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட வில்லியம் லபோவ் வலியுறுத்திய நெறி இது. எண்ணவே முடியாத இடங்களும் உண்டு. 'நாம்' என்ற பொருளில் பேச்சில் வரும் 'ஒன்' என்ற பிரெஞ்சு எழுவாய்க்குப் பின் உயிரொலியில் தொடங்கும் வினை வந்தால் நடுவில் ஒரு 'ந்' தானாகவே ஒலிக்கும். அங்கே 'நெ' சொல்லப்பட்டதா என்று எந்தக் காதாலும் பிரித்தறிய முடியாது. அவற்றை விலக்கிவிட்டு, விலக்கியதையும் ஆய்வில் எழுதுங்கள்.

பதிவை எழுத்தாக்கும்போது திருத்திவிடுவது இன்னும் பெரிய கேடு. பிரெஞ்சை நன்றாகப் படித்தவர்களே இதைச் செய்கிறார்கள். பேசியவர் சொல்லாத 'நெ'யைக் கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது. ஆராய வந்த பொருளே அழிந்துபோகிறது. ஒரு பகுதியையாவது வேறொருவரை ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒன்று தென்பட்டதும் 'இது ஒரு மொழி மற்றதிடம் வாங்கிய கடன்' என்று முடிவுகட்டாதீர்கள். கனடா பிரெஞ்சில் வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் (ஆங்கிலத்தின் 'வித்', 'ஃபார்' போன்ற சொல்) தனியாக நிற்கும். கேட்டவுடன் ஆங்கிலப் பாதிப்பு என்றுதான் தோன்றும். ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஷானா பாப்லாக்கும் அவருடைய குழுவினரும் பேச்சுப் பதிவுகளை எண்ணி ஆராய்ந்து, அது பிரெஞ்சுக்குள்ளேயே ஏற்கெனவே இருந்த ஓர் அமைப்பின் நீட்சி என்று காட்டினார்கள். தில்லித் தமிழில் புதிதாக எதைக் கேட்டாலும் 'இந்தி வந்து ஒட்டிக்கிச்சு' என்று தள்ளிவிடும் நமக்கு இது மிகவும் தேவையான பாடம்.

தில்லியில் இருந்துகொண்டு பிரெஞ்சுப் பேச்சுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். உங்கள் ஆசிரியரைப் பேட்டி கண்டால் வகுப்புப் பிரெஞ்சுதான் கிடைக்கும். சொல்லாமல் பதிவுசெய்யும் யோசனையே வேண்டாம். ஒப்புதல் இல்லாத பதிவை நேர்மையான ஆய்வில் பயன்படுத்த முடியாது. இன்றைய பேச்சின் ஒலிகளை ஆராய, பிரெஞ்சுக்குப் பிஎஃப்சி (PFC), ஆங்கிலத்துக்குப் பிஏசி (PAC) என்று இரண்டு ஆய்வுத் திட்டங்கள் இருக்கின்றன. சொற்பட்டியல், வாசிப்பு, உரையாடல் என்று இரண்டும் ஒரே முறையில் பதிவுசெய்யப்பட்டவை. இரு மொழிகளையும் ஒப்பிட விரும்புகிறவர் இங்கிருந்து தொடங்கலாம்.

படிப்பு விஷயத்தில் ஒன்று. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மையமும் மொழியியல் மையமும் ஒரே புலத்தின் கீழ் இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு பாடங்களுக்கும் துறைகள் உண்டு. பிரெஞ்சு மாணவர்கள் மொழியியல் வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காமல் முதுகலையை முடித்துவிடுவது பெரிய இழப்பு. டால்ஃப் (DALF) என்ற உயர்நிலைப் பிரெஞ்சுத் தேர்வின் சான்றிதழ் உங்கள் பிரெஞ்சுத் திறனைக் காட்டும், ஒலியியலையும் புள்ளியியலையும் கற்றுத்தராது. ஒலியை ஆராயப் பிராட் (Praat), பதிவை எழுத்தாக்கிக் குறிப்பெழுத எலான் (ELAN), புள்ளியியலுக்கு ஆர் (R), மூன்றும் இலவச மென்பொருள்கள். முதுகலை முதலாண்டிலேயே பழகிவிடுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்விலும் பிரெஞ்சுக்கும் மொழியியலுக்கும் தனித்தனித் தாள்கள். எந்தத் தாள் எழுதப்போகிறோம் என்பதை முதுகலையில் சேரும் முன்பே யோசித்துவிடுங்கள்.

ஆய்வு நெறியாளரைத் தேடும்போது பெயரையும் புகழையும் மட்டும் பார்க்க வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரைகளில் பேச்சுத் தரவு இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் எழுதும் முன் ஒரு மணி நேரப் பதிவில் 'நெ' போன்ற ஒரே ஒரு மொழிக்கூறை நீங்களே முழுமையாக எண்ணி, அந்த அட்டவணையையும் இணைத்து அனுப்புங்கள்.