காய்ந்த பல்லில் நிறம் பார்க்காதீர்கள்

போன வாரம் ஓர் இளம் பல் மருத்துவர் பாண்டிங் (பல் நிற ரெசினான காம்போசிட்டை ஒட்டி, உடைந்த பல்லைச் சரிசெய்வது) செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு முன்பல்லின் முனை உடைந்திருந்தது. எச்சில் படாமல் பல்லைப் பிரித்து வைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் மாட்டி, எல்லாவற்றையும் எடுத்து வைத்து, இருபது நிமிடம் போன பிறகுதான் அவர் பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேட் கைடைக் கையில் எடுத்தார். உடனே நிறுத்தச் சொன்னேன். ஆரம்ப காலத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

பாண்டிங்கில் நடக்கும் சில தவறுகளை இங்கே சொல்கிறேன். எட்சிங் ஜெல்லை (பல்லின் மேலுறையான எனாமலைச் சொரசொரப்பாக்கும் அமிலத்தை) சரியாகக் கழுவாதது போன்றவை கல்லூரியிலேயே திட்டு வாங்கித் திருந்துகிற தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பல் காய்ந்த பிறகு நிறம் எடுப்பது

எனாமலின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் இருக்கிறது. எச்சில் படாமல் பல் வெளியே இருந்தால் நீர் போய், அங்கே காற்று புகுந்துவிடும். எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வித்தியாசம் கூடும்போது ஒளி அதிகமாகச் சிதறும். பல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். இதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஆரம்ப காலத்தில் ஒரு நோயாளிக்கு அந்த வெளுப்புக்குப் பொருத்தமாகத்தான் நான் காம்போசிட் வைத்தேன். முடித்ததும் கண்ணாடியில் பார்த்து அவரும் சிரித்தார், நானும் மகிழ்ந்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "டாக்டர், ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுது" என்றார். பல் ஈரமேறிப் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. காம்போசிட் மட்டும் வெள்ளையாகவே நின்றது.

பணம் வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். ஆனால் காம்போசிட் எங்கே முடிகிறது, எனாமல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. சுரண்டி எடுக்கும்போது நல்ல எனாமலும் கொஞ்சம் போனது. அது திரும்ப வளராது. ஒரு நிமிட வேலையைத் தள்ளிப்போட்டதற்கு அவர் கொடுத்த விலை அது. இன்றைக்கும் யாராவது டேம் போட்ட பிறகு ஷேட் கைடைத் தேடினால் எனக்குக் கோபம் வருகிறது.

நோயாளி உட்கார்ந்ததும், பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் பாருங்கள். மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. சில நொடிகளுக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் பழகிவிடும். அப்புறம், தேர்ந்தெடுத்த காம்போசிட்டில் ஒரு துளியை எட்சிங்கும் பாண்டும் (ஒட்டும் திரவமும்) இல்லாமல் பல்லின் மேல் வைத்து, லைட் காட்டி இறுக வையுங்கள். இறுகும்போது அதன் நிறமும் மாறும் என்பதால் பசையாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்ய முடியாது.

இப்படிச் சரியாகச் செய்தாலும் இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. வேலை முடியும்போது பல் காய்ந்திருப்பதால், வைத்த காம்போசிட் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பயந்துபோய் மேலே ஒரு வெள்ளை அடுக்கைச் சேர்க்காதீர்கள். நிறத்தை மறுநாள் பார்க்கலாம் என்று நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் வந்த அந்தப் பெண்ணுக்கு அன்று டேமைக் கழற்றிவிட்டோம். மறுநாள் வரச் சொல்லி, முதல் வேலையாக நிறம் எடுத்தோம்.

பிளீச்சிங் முடிந்த கையோடு பாண்டிங்

இரண்டு வாரமாவது பொறுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும், பல்லின் நிறமும் அதற்குள் நிலைத்திருக்காது. பாண்டிங்கை முதலில் செய்துவிட்டுப் பிறகு பிளீச் செய்யலாம் என்பதும் நடக்காது. காம்போசிட் வெளுக்காது.

எட்ச் செய்த எனாமலில் எச்சில்

துடைத்துவிட்டுத் தொடராதீர்கள். கழுவி, மறுபடி எட்ச் செய்யுங்கள்.

ஒரே கனத்த அடுக்கு

வழக்கமான காம்போசிட் என்றால் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

கடித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவது

பற்களைச் சேர்த்துக் கடிக்கும்போது, ஒட்டிய முனை இடிபடாமல் தப்பிவிடும். கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும்போதுதான் அது இடிக்கும். கார்பன் தாளை வைத்து அந்த அசைவையும் பாருங்கள். நகம் கடிப்பாரா, தூக்கத்தில் பல் நெரிப்பாரா என்பதை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். நெரிப்பவர் என்றால் இரவில் பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறைக்கும் (நைட் கார்டு) அன்றே அளவு எடுத்துவிடுங்கள்.