மூட் அவுட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

முதலில் ஒரு விஷயம். 'மூட் அவுட்' என்பது ஆங்கிலமே இல்லை. நாமே ஒட்டிவைத்து நமக்குள் புழங்கிக்கொண்டிருக்கும் சொல் அது, வெளியாளிடம் சொன்னால் ஒரு நிமிடம் விழிப்பார், அவ்வளவுதான். அதைவிட வம்பு 'டல்'. ஒரு வீடியோ காலில் "ஐ ஆம் டல் டுடே" என்று நானே சொல்லியிருக்கிறேன். சோர்வாக இருக்கிறேன் என்று நினைத்துச் சொன்னது, கேட்டவர் காதில் 'இன்றைக்கு நான் சரியான அறுவை' என்று விழுந்திருக்கும். ஆளைப் பற்றிச் சொல்லும்போது டல் என்றால் சுவாரசியம் இல்லாதவர், இல்லாவிட்டால் மந்தபுத்திக்காரர். 'மூடி'யும் நாம் நினைக்கிற சொல் கிடையாது. காலையில் சிரித்துவிட்டு மாலையில் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறாரே, அவர்தான் மூடி.

சரி, எதைத்தான் சொல்வது? அதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மனசு கனமாக இருக்கிறதா, அல்லது எதன் மேலும் ஆசையே வரவில்லையா? தமிழில் இரண்டையும் 'மனசு சரியில்லை' என்று முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் இந்த இடத்திலேயே வழி பிரிகிறது.

கனமாக இருந்தால் 'ஃபீலிங் லோ' அல்லது 'ஃபீலிங் டவுன்' போதும். முன்னால் 'எ பிட்' சேர்த்துக்கொண்டால் இன்னும் இயல்பாக இருக்கும். நண்பர், மேலாளர், மருத்துவர் யாரிடமும் சொல்லலாம். 'ப்ளூ' கொஞ்சம் மென்மையான சொல், பழைய ஆங்கிலப் பேச்சில் மனவாட்டத்துக்கு 'ப்ளூ டெவில்ஸ்', அதாவது நீலப் பிசாசுகள், என்று பெயர் இருந்தது, ப்ளூஸ் என்ற இசைக்கும் அந்த வழியில்தான் பெயர் வந்தது. 'டவுன் இன் த டம்ப்ஸ்' லேசான கேலியோடு சொல்வது. குப்பைமேடு ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள், இந்த டம்ப்ஸ் வேறு, ஷேக்ஸ்பியர் காலத்திலேயே வாட்டம் என்ற பொருளில் இருந்த சொல்.

ஏதாவது நடந்து, அதனால் மனசு உடைந்திருந்தால் சொல் மாறும். அப்போதுதான் நடந்தது என்றால் 'அப்செட்'. பெரிதாக எதிர்பார்த்துப் போய், கிடைக்காமல் முகம் தொங்கித் திரும்பினால் 'கிரெஸ்ட்ஃபாலன்', கொண்டை சரிந்த சேவல் என்பதுதான் அதன் படம், ஒருமுறை அந்தச் சேவலைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் மறக்காது. இனிமேல் சரியாகும் என்ற நம்பிக்கையே போய்விட்டதென்றால் 'டெஸ்பாண்டன்ட்'. இது கனத்த சொல், பஸ் போய்விட்டதற்கெல்லாம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது வழிக்கு வருவோம், ஆசை வராத பக்கம். எனக்கு மிகவும் பிடித்த சொல் இங்கேதான் இருக்கிறது: 'லிஸ்ட்லெஸ்'. இதில் உள்ள 'லிஸ்ட்' பட்டியல் இல்லை. விரும்புவது என்ற பொருளில் இருந்த பழைய ஆங்கிலச் சொல் அது, தனியாக வழக்கொழிந்து இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. விருப்பம் அற்ற நிலை, அதுதான் லிஸ்ட்லெஸ். துக்கம் ஒன்றும் இருக்காது, ஆனால் எழுந்து ஜன்னலைத் திறக்கக்கூடத் தோன்றாது. உடம்பு மட்டும் அடித்துப்போட்டதுபோல் கிடந்தால் 'லெதார்ஜிக்'. வெறும் சலிப்பு என்றால் 'போர்டு', அதைப் 'போரிங்' என்று மாற்றிச் சொன்னால் மறுபடியும் நீங்கள்தான் அறுவை.

இந்த நிலை வாரக்கணக்கில் நகராமல் நின்றுவிட்டால் 'இன் த டோல்ட்ரம்ஸ்'. பூமத்திய ரேகையை ஒட்டிய கடலில் காற்றே வீசாத பகுதிக்கும் இதே பெயர்தான், பாய்மரக் கப்பல்கள் அங்கே மாட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். கடலிலிருந்து மனசுக்கு வந்த சொல் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் மனவாட்டத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர், கடலுக்கு அது பிறகுதான் ஒட்டியது.

'மெலன்கலி' அழகான சொல், அதனாலேயே பலர் தவறான இடத்தில் வைக்கிறார்கள். கிரேக்கத்தில் இதற்குப் பொருள் கரும்பித்தம். உடம்பில் நான்கு திரவங்கள் ஓடுகின்றன, கரும்பித்தம் கூடினால் மனசு இருளும் என்று அந்தக் கால மருத்துவம் நம்பியது. பேச்சில் "ஐ ஆம் மெலன்கலி" என்றால் நாடக வசனம்போல் இருக்கும். ஒரு பாட்டுக்கு, ஒரு மாலைப் பொழுதுக்கு, ஒரு பழைய வீட்டுக்குச் சொல்லுங்கள், கச்சிதமாக உட்காரும். 'க்ளூமி'யும் வானம், அறை, எதிர்காலம் பற்றிச் சொல்லும்போதுதான் நன்றாக இருக்கிறது.

பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றிச் சொல்லும் சொற்கள் சில உண்டு. 'க்ளம்', 'மொரோஸ்', 'சல்லன்' எல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவர் சொல்வது. இதில் சல்லனில் கோபமும் கலந்திருக்கும். 'சல்கிங்' என்றால் யாராவது வந்து சமாதானப்படுத்தட்டும் என்று உம்மென்று உட்கார்ந்திருப்பது, 'மோப்பிங்' என்றால் யாரையும் எதிர்பார்க்காமல் வாடித் திரிவது.

'டிப்ரஸ்டு' பற்றி மட்டும் கொஞ்சம் கவனம். பேச்சுவழக்கில் ஆங்கிலேயர்களும் தாராளமாகச் சொல்கிறார்கள்தான், ஆனால் மருத்துவத்தில் அது ஒரு நோயின் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அதற்கென்று 9 அறிகுறிகள் இருக்கின்றன, குறைந்தது 5 இருக்க வேண்டும், 2 வாரமாவது தொடர வேண்டும். அந்த 5இல் வாடிய மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, இரண்டில் ஒன்று கட்டாயம். உங்கள் நிலை அப்படித்தான் என்றால் தயங்காமல் மருத்துவரிடம் அதே சொல்லைச் சொல்லுங்கள். மேட்ச் தோற்றதற்கு 'கட்டட்', அதாவது மனசு நொந்துபோனேன், என்று சொன்னால் போதும்.

கடைசியாக லீவு மெயில். 'அண்டர் த வெதர்' என்று எழுதினால் காய்ச்சலோ சளியோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், மனசுக்கு அது பொருந்தாது. உடம்பா மனசா என்று விளக்க விருப்பமில்லாத நாளுக்கு 'அவுட் ஆஃப் சார்ட்ஸ்' இருக்கிறது. "ஐ ஆம் ஃபீலிங் எ பிட் அவுட் ஆஃப் சார்ட்ஸ், டேக்கிங் த டே ஆஃப்." அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.