காப்புரிமை கம்பெனி ஷேர் வைத்திருக்கிறீர்களா? டீக்கடையில் சண்டை போடும் முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

டானிங்டன் டீக்கடையில் போன மாதம் ஒரு வாக்குவாதம். ஒரு பக்கம் ரிட்டயரான வங்கி மேலாளர், எங்கள் தெருவுக்கே அவர் ‘சார்’. மறுபக்கம் என் மச்சான். இருவரும் அமெரிக்காவில் பட்டியலான ஒரு வயர்லெஸ் காப்புரிமை கம்பெனியின், அதாவது தன் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் போன் கம்பெனிகளிடம் லைசென்ஸ் கட்டணம் வாங்கிப் பிழைக்கிற கம்பெனியின், பங்கைக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

“நிர்வாகத்துக்கு லைசென்ஸ் பேசவே தெரியல தம்பி. எதுக்கெடுத்தாலும் கேஸ். வக்கீல் வீடு வாழுது” என்றார் சார்.

“கேஸ் போடலைன்னா எவன் சார் காசு குடுப்பான்?” என்றான் மச்சான்.

நடுவில் மாட்டிய நான் ஒன்றே ஒன்று கேட்டேன். போன வருட வருமானத்தில் பழைய பாக்கி எவ்வளவு, நடப்பு வரவு எவ்வளவு? இருவருக்கும் தெரியவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கம்பெனி கேஸில் ஜெயித்த செய்தியைப் பார்த்து மறுநாளே வாங்கினேன். மேல்முறையீட்டில் தீர்ப்பு காணாமல் போனது, கூடவே என் பணமும். அதற்கப்புறம்தான் ஒரு நோட்டு போட்டேன். தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான், பங்கு ஆலோசகன் இல்லை. வாங்கு, விற்று விடு என்று எதுவும் சொல்லப்போவதில்லை. உதாரணங்களை இன்டர்டிஜிட்டல் கம்பெனியிலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறேன். இந்தத் தொழிலில் பழைய கை, ஆவணங்களும் பொதுவில் நிறையக் கிடைக்கின்றன.

படி 1: விற்பது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கும்போது யாரிடமாவது பேசிக்கொண்டே போங்கள். குஞ்சப்பனை வருவதற்குள் போன் பல டவர் மாறியிருக்கும். ஒன்றிரண்டு வளைவுகளைத் தவிர பேச்சு அறுவதில்லை. போன் ஒரு கம்பெனி, டவரில் இருக்கும் கருவி வேறொரு கம்பெனி. ஆனாலும் இரண்டும் ஒரே முறையில் பேசிக்கொள்கின்றன. அந்த முறையை 1998-இல் தொடங்கிய 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு வகுத்துத் தருகிறது. அதற்குள் நுழைந்துவிட்ட கண்டுபிடிப்பை ஒதுக்கிவிட்டு யாரும் 4ஜி போன் செய்ய முடியாது. அப்படித் தவிர்க்க முடியாத கண்டுபிடிப்புகளின் மேலுள்ள காப்புரிமைதான் இவர்களின் சரக்கு.

தவிர்க்க முடியாத பொருள் ஒருவர் கையில் இருந்தால் அவர் இஷ்டத்துக்கு விலை சொல்லலாமே? அதற்காகத்தான் ‘ஃபிராண்ட்’ என்ற வாக்குறுதியை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். நியாயமாக, ஏற்கத்தக்கதாக, ஆளுக்கொரு விலை இல்லாமல் லைசென்ஸ் தருவேன் என்ற வாக்கு. நியாயம் என்றால் எத்தனை ரூபாய் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வழக்குகளில் பாதி அந்த ஒரு ஓட்டையில் முளைத்தவைதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பசுந்தேயிலைக்கு எது நியாய விலை என்று விவசாயியும் ஃபேக்டரியும் காலங்காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். குன்னூர் ஏலத்து விலையை வைத்து தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. ஒரு தரப்புக்கும் திருப்தி கிடையாது. வயர்லெஸ் உலகில் அப்படி ஒரு வாரியம்கூட இல்லை, கோர்ட்தான்.

இன்னும் இரண்டு விஷயம். காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். பழசு உதிர உதிர ஆராய்ச்சி செய்தோ விலைக்கு வாங்கியோ புதிதைச் சேர்க்க வேண்டும். 1972-இல் ஆரம்பித்த இன்டர்டிஜிட்டல் 2018-இல் டெக்னிகலரின் காப்புரிமைத் தொழிலை வாங்கியது இந்தக் கணக்கில்தான். அடுத்தது, குவால்காம் சிப்பும் விற்கிறது, நோக்கியாவும் எரிக்சனும் டவர் கருவியும் விற்கின்றன. லைசென்ஸ் மட்டுமே தொழிலாக உள்ள கம்பெனிக்கு வேறு வரவு கிடையாது. ஒரு பெரிய வாடிக்கையாளர் முரண்டு பிடித்தால் நேரே அடிமடியில் கை.

படி 2: ஆண்டறிக்கையில் மூன்றே இடம்

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் ‘எட்ஜர்’ தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் எல்லா ஆவணமும் இலவசம். ‘10-கே’ என்பது ஆண்டறிக்கை. நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், பயப்படாதீர்கள். போனிலேயே திறந்து பக்கத்துக்குள் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

முதலில் வருமானப் பிரிவு. இன்டர்டிஜிட்டலின் 2023 வருமானம் 54.96 கோடி டாலர், 2024-இல் 86.85 கோடி. பார்த்ததும் நாக்கு ஊறும். அந்த உயர்வுக்கு முக்கியக் காரணம் பழைய பாக்கி. ஒரு போன் கம்பெனி பல வருடம் லைசென்ஸ் இல்லாமலே விற்றுவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போடும்போது, கடந்த காலத்துக்கான தொகை அந்தக் காலாண்டிலேயே மொத்தமாகக் கணக்கில் ஏறும். எங்கள் பக்கத்தில் இலை போடுகிற ஒரு பெரியவருக்கு ஒரு தீபாவளிக்கு இரண்டு வருட விலை வித்தியாசம் மொத்தமாக வந்தது. அந்த மாத வரவை நம்பி பைக்குக்குத் தவணை கட்டத் தொடங்கினார், பொங்கலுக்குள் மூச்சு முட்டியது. அதனால் நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள்: ‘வருடாவருடம் வருவது’, ‘ஒருமுறை வந்தது’. அடுத்த காலாண்டு வருமானம் பாதியானால் நிர்வாகத்தைத் திட்டுவதற்கு முன் எந்தக் கட்டம் குறைந்தது என்று பாருங்கள்.

இரண்டாவது, வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர் பட்டியல். அவர்களிடமிருந்து எவ்வளவு வருகிறது என்று வெளியிடுவது கட்டாயம். இந்தத் தொழிலில் இரண்டு மூன்று பேர் பாதிக்கு மேல் சுமப்பது சகஜம்.

மூன்றாவது, ஒவ்வொரு பெரிய லைசென்ஸும் எந்த வருடம் முடிகிறது என்பது. அந்த வருடத்தைச் சிவப்பில் எழுதுங்கள். சண்டை வருவதாக இருந்தால் அதை ஒட்டித்தான் வரும்.

படி 3: வழக்குப் பக்கம்

நோட்டில் அதிக நேரம் எடுப்பது இதுதான். 10-கே-யில் ‘சட்ட நடவடிக்கைகள்’ என்ற பகுதியிலிருந்து ஒவ்வொரு வழக்கையும் ஒரு வரியாக எழுதுங்கள். யாரோடு, எந்த நாட்டில், எப்போது ஆரம்பம், இவர்கள் கேட்டது, அவர்கள் தர வந்தது, இப்போதைய நிலை, அடுத்த தேதி. ஒரு வரியை நிரப்பிக் காட்டுகிறேன்.

கம்ப்யூட்டரும் போனும் செய்யும் லெனோவாவோடு இங்கிலாந்தில். வழக்கு 2019 ஆகஸ்ட். இன்டர்டிஜிட்டல் கேட்டது 33.7 கோடி டாலர். லெனோவா சொன்னது 8 கோடி. 2023 மார்ச்சில் நீதிபதி இரண்டையுமே ஏற்காமல், ஒரு கருவிக்கு 17.5 சென்ட் என்று வைத்து 13.87 கோடி என்றார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 22.5 சென்ட்டாக உயர்த்தியது. வட்டியோடு 24.02 கோடி.

இந்த ஒரு வரியை நிதானமாகப் பாருங்கள். முதல் தீர்ப்பு வந்த அன்று சார் இருந்திருந்தால் “கேட்டதில் பாதிகூட வரல” என்றிருப்பார், மச்சான் “அவன் குடுக்க வந்ததை விட அதிகம்” என்றிருப்பான். இருவர் சொன்னதும் சரிதான். ஐந்து சென்ட் வித்தியாசத்துக்குப் பதினாறு மாதம் ஆனது. ஆரம்பத்திலிருந்து ஐந்து வருடம். வக்கீல் செலவைக் கழித்து அந்த ஐந்து வருடத்தால் வகுத்துப் பார்த்த பிறகு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

தீர்ப்புத் தொகையை எப்போதும் பென்சிலில் எழுதுங்கள். நான் பேனாவில் எழுதிக் கெட்டவன். பார்க்கர்விஷன் என்ற இன்னொரு அமெரிக்க வயர்லெஸ் கம்பெனியின் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குவால்காமுக்கு எதிராக 2013 அக்டோபரில் ஜூரி சுமார் 17.3 கோடி டாலர் கொடுத்தது. 2014 ஜூனில் அதே வழக்கின் நீதிபதி அதை ரத்து செய்தார். 2015-இல் மேல்முறையீட்டிலும் ரத்து நின்றது. ஜூரி சொன்ன செய்தியைக் கேட்டு வாங்கியவர்களின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாடு என்ற கட்டமும் முக்கியம். அமெரிக்காவில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஈபே வழக்குத் தீர்ப்புக்குப் பின் காப்புரிமையை மீறியவரின் விற்பனைக்குத் தடை வாங்குவது கடினமாகிவிட்டது. அதனால்தான் ஜெர்மனி, இந்தியா என்று கேஸ் பரவுகிறது. நம் டெல்லி உயர் நீதிமன்றம் இதில் சின்ன ஆள் இல்லை. இன்டர்டிஜிட்டலுக்கு ஷாவ்மியோடு நடந்த தகராறில், டெல்லியில் கேஸ் நடத்தக் கூடாது என்று சீனாவின் வூஹான் கோர்ட் தடை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் யுவான் அபராதம். அந்தத் தடையை அமல்படுத்தக் கூடாது என்று டெல்லி பதில் தடை போட்டது, 2021 மே மாதம் அதை உறுதியும் செய்தது. ஆகஸ்டில் இருவரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்! எரிக்சன்–லாவா வழக்கில் 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம் லாவா மீது 244 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மார்ச் 2015-இல் போட்ட வழக்கு அது.

கோர்ட்டுக்குப் பதில் நடுவர் மன்றம் என்ற வழியும் உண்டு. சாம்சங்கும் இன்டர்டிஜிட்டலும் தொகையை நடுவர்களிடம் விட்டார்கள். 2023 முதல் எட்டு வருடத்துக்கு 105 கோடி டாலர் என்று 2025 ஜூலையில் முடிவானது. வருடத்துக்குச் சுமார் 13 கோடி. இதில் எவ்வளவு ‘ஒருமுறை’ கட்டத்தில் போகும், எவ்வளவு ‘வருடாவருடம்’ கட்டத்தில் போகும் என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம், நல்ல பயிற்சி.

படி 4: நிர்வாகத்தை எதை வைத்து எடை போடுவது

பொதுக்குழுவுக்கு முன் ‘டிஇஎஃப் 14ஏ’ என்ற ஆவணம் வரும். அதில் மேலதிகாரிகளின் சம்பள அட்டவணை இருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்து வயிறெரிவதால் பயனில்லை. போனஸ் எதற்குத் தருகிறார்கள் என்ற பத்தியைத் தேடுங்கள். மொத்த வருமானத்துக்குப் போனஸ் என்றால், பழைய பாக்கி வந்த வருடம் கொட்டும். புதுப்பித்த லைசென்ஸுக்கும் தொடர் வரவுக்கும் என்றால் எனக்குச் சம்மதம்.

அப்புறம், சார் கேட்ட ‘ஏன் இத்தனை கேஸ்?’ என்ற கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்பேன்: கடந்த ஐந்து வருடத்தில் முடிந்த லைசென்ஸ்களில் எத்தனை கேஸ் இல்லாமல் புதுப்பிக்கப்பட்டன? வலுவான சரக்கு உள்ளவர், நாலு பேரிடம் கோர்ட்டுக்குப் போனால் மற்ற பத்துப் பேர் மேஜையிலேயே கையெழுத்துப் போடுவார்கள். பத்துப் பேரும் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள் என்றால் சரக்கிலோ விலையிலோ கோளாறு. என் மனதில் நிர்வாகத்தின் மதிப்பெண் இந்த ஒரு எண்ணில்தான்.

‘கம்பெனியை விற்றிருக்கலாமே’ என்ற புலம்பலும் எல்லாக் கூட்டத்திலும் வரும். திவாலான கனடா தொலைத்தொடர்பு கம்பெனி நார்டெலின் சுமார் 6,000 காப்புரிமைகள் 2011-இல் ஏலத்தில் 450 கோடி டாலருக்குப் போயின. அந்த வருட ஜூலையில் இன்டர்டிஜிட்டலும் விற்பது பற்றி யோசிப்பதாகச் சொன்னது, பங்கு எகிறியது. பலர் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போட்டிருப்பார்கள். 2012 ஜனவரியில் விற்பனை இல்லை என்று முடிந்தது. ஜூனில் சுமார் 1,700-ஐ மட்டும் இன்டெலுக்கு 37.5 கோடிக்குக் கொடுத்தார்கள். வகுத்துப் பாருங்கள்: நார்டெலில் ஒன்று ஏழரை லட்சம் டாலர், இதில் இரண்டேகால் லட்சம்கூட இல்லை. கூட்டம் மொய்த்த ஏலத்தின் விலையை எல்லா நாளும் எதிர்பார்க்கக் கூடாது. குன்னூர் ஏலத்துக்குப் போய் வருகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

படி 5: ஓட்டு, வரி

இங்கிருந்து ஆப் மூலம் வாங்கியிருந்தால் ஓட்டுரிமை உங்கள் கைக்கு வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லா ஆப்பும் வழி தருவதில்லை. சம்பளத்தின் மீதான ஓட்டு வெறும் கருத்து மட்டும், இயக்குநர் குழுவைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் எதிர்ப்பு ஓட்டு கணிசமாக விழுந்தால் அடுத்த வருட ஆவணத்தில் விளக்கம் எழுதுவார்கள்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருந்தால் டிவிடெண்டில் அமெரிக்காவில் 25 சதவீதம் பிடிப்பார்கள், இங்கே அதற்கு வரவு கேட்கலாம். நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்புங்கள். அதைக் காலண்டர் வருடக் கணக்கில் கேட்பார்கள், அங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

சாரும் மச்சானும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிவிட்டார்கள். போன வாரம் அவர்கள் கம்பெனியின் காலாண்டு முடிவு அழைப்பு, நம் நேரத்துக்கு இரவு ஏழரை. மூடுபனி இறங்கியிருந்தது, சார் வீட்டு மாடிப்படியில் மட்டும்தான் வைஃபை சிக்னல். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து கேட்டோம். ‘ஒருமுறை வந்தது’ எவ்வளவு என்று நிதி அதிகாரி சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போய் வைஃபை செத்தது. “எழுதிட்டீங்களா சார்?” என்றான் மச்சான். இருட்டில் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார் அவர்.