ஜூலை 4-க்கு வாஷிங்டன்: புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு ஓர் ஆர்.வி. வழிகாட்டி

பிள்ளைகளோடு இருக்கலாம் என்று கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு அமெரிக்கா வந்து சேரும் பெற்றோர் பலர், முதல் ஒன்றிரண்டு வருடத்தை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள். மகனுக்கு லீவு கிடைக்க வேண்டும், மருமகளுக்கு மீட்டிங் இருக்கக் கூடாது, பேரனுக்கு நீச்சல் வகுப்பு இருக்கக் கூடாது. எல்லாம் கூடி வந்தால்தான் வெளியே கிளம்ப முடியும். உடம்பு நன்றாக இருந்து, இந்த ஊர் ஓட்டுநர் உரிமமும் எடுத்து, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகிவிட்ட தம்பதிகள் இப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு வாஷிங்டன் போய் வாருங்கள். கொண்டாட்டத்துக்கு டிக்கெட் இல்லை, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை, சமையலறையும் கழிப்பறையும் கூடவே வரும். சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் மருந்து சாப்பிடுகிற வயதில் இந்தக் கடைசி வசதியின் அருமை சொல்லாமலே புரியும்.

வண்டியில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ஏ பேருந்து அளவு, பி வேன் அளவு, சி இரண்டுக்கும் நடுவில். இரண்டு பேருக்கு, முதல் பயணத்துக்கு, 25 அடிக்குள் இருக்கும் சி வகை போதும். வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றைச் சாதாரண கார் உரிமத்தோடே ஓட்டலாம். காப்பீட்டை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கார்களுக்குக் கிரெடிட் கார்டு தரும் காப்பு பொதுவாக ஆர்.வி.க்குச் செல்லாது. வீட்டுக் காரின் காப்பீடும் செல்லும் என்று நிச்சயமில்லை. வாடகைக்குக் கொடுப்பவரிடம் தனியாக எடுத்துவிடுவதே நிம்மதி.

நியூஜெர்சி எடிசன் பக்கம் நிறைய நம்மவர்கள் இருப்பதால் அங்கிருந்து கிளம்புவதாகவே வைத்துக்கொள்வோம். சுமார் 200 மைல். வழியில் பெரும்பகுதி ஐ-95 நெடுஞ்சாலை என்று ஜி.பி.எஸ். சொல்லும், ஆனால் பால்டிமோரில் அதைக் கேட்கக் கூடாது. அங்கே ஐ-95 ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதை வழியாகப் போகிறது, ஐ-895 ஹார்பர் சுரங்கப்பாதை வழியாகப் போகிறது. இரண்டிலும் ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் கொண்டுபோகத் தடை. ஆர்.வி.யின் சமையல் வாயுத் தொட்டி அந்த அளவைத் தாண்டிவிடும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட வண்டிகள் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகப் போகும். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. ஆகவே வடக்கிலிருந்து வருகிறவர்கள் ஐ-695 சுற்றுச்சாலையில் டவ்சன் பக்கமாக மேற்கே சுற்றிக்கொண்டு, நகரத்தைத் தாண்டி மறுபடி ஐ-95-ஐப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். வண்டியின் உயரம், நீளம், புரொப்பேன் மூன்றையும் கேட்டு வழி சொல்லும் ஆர்.வி. ஜி.பி.எஸ். செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நியூயார்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்குள்ள பார்க்வேக்களின் பாலங்கள் தாழ்வானவை, ஆர்.வி.க்கு அங்கே அனுமதியும் இல்லை.

இந்தப் பயணத்தில் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு: வண்டியை நகரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கொண்டாட்டம் நடக்கும் நீண்ட புல்வெளித் திடலுக்கு நேஷனல் மால் என்று பெயர். ஜூலை 4 அன்று அதைச் சுற்றியுள்ள தெருக்களை மூடிவிடுவார்கள். மற்ற நாட்களிலும் 25 அடி வண்டியை அங்கே நிறுத்த இடம் தேடுவது வீண் அலைச்சல். மேரிலாந்தில், வாஷிங்டனைச் சுற்றி ஓடும் சுற்றுச்சாலைக்குப் பக்கத்திலேயே தங்கிக்கொண்டு மெட்ரோ ரயிலில் போய் வருவதுதான் சரி.

தங்க இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, தேசியப் பூங்காத் துறை நடத்தும் கிரீன்பெல்ட் பார்க். மரங்கள் அடர்ந்த, செலவு குறைந்த இடம். 62 வயது நிறைந்த குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் சீனியர் பாஸ் உண்டு. ஒரு வருடத்துக்கு 20 டாலர், வாழ்நாள் முழுவதற்கும் 80 டாலர். அது இருந்தால் இங்கே தங்கும் கட்டணத்தில் பாதி குறையும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இந்தப் பாஸ் கிடையாது. கிரீன் கார்டு கையில் இருந்தும் இதை வாங்காத பெற்றோர் நிறைய பேர். இந்தப் பயணம் போகாவிட்டாலும் வாங்கி வையுங்கள், நாட்டின் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஆனால் கிரீன்பெல்டில் மின் இணைப்பு கிடையாது. ஜூலை இரவில் ஏ.சி. இல்லாமல் படுப்பது நம் வயதுக்குச் சிரமம், ஜெனரேட்டரையும் இரவில் ஓட்டக் கூடாது. அதனால் காலேஜ் பார்க்கில் இருக்கும் செர்ரி ஹில் பார்க்கைத்தான் நான் சொல்வேன். கட்டணம் அதிகம். மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் வண்டி நிற்கிற இடத்திலேயே கிடைக்கும். எதுவானாலும் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். பதியும்போது பின்னால் எடுக்கத் தேவையில்லாத, நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமாகக் கேளுங்கள்.

அது கிடைக்காவிட்டால் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அவர் ஓட்டுவார், நான் இறங்கிப் பின்னால் நின்று கைகாட்டுவேன். ஓட்டுபவருக்குக் கண்ணாடியில் கைகாட்டுகிறவர் தெரியவில்லை என்றால் அந்த நொடியே வண்டியை நிறுத்த வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றில் அரை மணி நேரம் பழகினாலே போதும். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பாகம் திரும்பும்போது வெளிப்பக்கம் வீசும், அதையும் அங்கேயே பார்த்துவிடலாம். சில சமயம் பக்கத்து வண்டியில் இருக்கும் வயதான அமெரிக்கர் தானாகவே எழுந்து வந்து உதவுவார். சங்கோசப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றபின் வருடத்தில் பாதி நாள் ஆர்.வி.யிலேயே வாழ்கிறவர்கள் அவர்களில் உண்டு. ஒரு டம்ளர் காபி கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால் இந்த நாட்டைப் பற்றி நிறைய தெரிந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் அக்கம்பக்கத்தில் ஒருவரோடும் பேசாமல் இருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

சமையலுக்கு வருவோம். சி வகை வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்புதான். அதாவது மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். இண்டக்‌ஷன் போடும் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்துங்கள், இல்லையென்றால் கேஸ் அடுப்பிலேயே சமையுங்கள். தாளிக்கும்போது கூரை விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சின்ன இடம் என்பதால் புகை அலாரம் உடனே கத்தும். இட்லி மாவைப் புளிக்க வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும், வெயிலில் பொங்கி வழிந்தால் துடைத்து மாளாது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இருந்தால் நான்கு நாள் ஓடிவிடும்.

தொட்டிகளைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கழிப்பறைக் கழிவுக்குக் கறுப்புத் தொட்டி, குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீருக்குச் சாம்பல் தொட்டி. கறுப்பை முதலில் திறந்து காலி செய்துவிட்டு, அப்புறம் சாம்பலைத் திறக்க வேண்டும். அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொண்டால் பத்து நிமிட வேலை.

கொண்டாட்ட நாளுக்கு மெட்ரோவின் கிரீன் லைன் தடம் உங்கள் துணை. கிரீன்பெல்ட் அல்லது காலேஜ் பார்க் நிலையம் வரை ஊபரில் போய், ரயில் மாறாமல் ஆர்க்கைவ்ஸ் நிலையத்தில் இறங்கலாம். ஸ்மித்சோனியன் நிலையத்தைத் தவிருங்கள், கூட்டம் முழுக்க அங்கேதான் போய் விழும். 65 வயதானவர்களுக்கு மெட்ரோவில் பாதிக் கட்டணம். அதற்கான அட்டையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசலில் சுதந்திரப் பிரகடனத்தை உரக்கப் படிப்பார்கள். 1776-இல் எழுதப்பட்ட அந்த மூலத்தாளை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். முற்பகல் முடியும் நேரத்தில் அந்தக் கட்டடத்தை ஒட்டிய கான்ஸ்டிடியூஷன் அவென்யூவிலேயே அணிவகுப்பு. மடக்கு நாற்காலி ஒன்று அவசியம். பகலில் 32 டிகிரி வெயிலும் புழுக்கமும் இருக்கும். சென்னை பழகிய உடம்பு என்று நினைத்து மதியம் வெளியில் நிற்காதீர்கள். ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் குளிர்ச்சிக்குள் போய்விடுங்கள். அன்றைக்குச் சில இடங்களை முன்னதாகவே மூடக்கூடும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசியக் கலைக்கான அருங்காட்சியகத்தின் ஃப்ரீயர் தொகுப்பில், செம்பியன் மாதேவி என்று பலரும் அடையாளம் சொல்லும் சோழர் காலச் செப்புத் திருமேனி இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அவசியம் அங்கே போக வேண்டும்.

வாணவேடிக்கை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. மாலுக்குள் நுழைய பாதுகாப்புச் சோதனை உண்டு. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் அனுமதி இல்லை. மாத்திரை, தண்ணீர், தயிர்சாதம் போதும். பொழுது சாயும்போது இடிமழை வருவது அங்கே சகஜம், அறிவிப்பு வந்தால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். முடிந்தவுடன் எல்லோரும் ரயிலுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு லான்ஃபான்ட் பிளாசா நிலையத்துக்கு மெதுவாக நடந்து போனால் அங்கேயும் கிரீன் லைன் கிடைக்கும்.

மறுநாளே கிளம்பாதீர்கள், சாலை நெரியும். லான்ஹாம் என்ற ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சிவ விஷ்ணு கோவிலும் முருகன் கோவிலும் உண்டு. தரிசனம் முடித்து, ஒரு நாள் ஓய்வெடுத்து, அடுத்த வாரநாளில் அலுவலக நெரிசல் அடங்கியபின் காலை பத்து மணி வாக்கில் புறப்படுங்கள். தொட்டிகளைக் காலி செய்து, பெட்ரோல் நிரப்பி, டோல் கணக்கைக் கேட்டு வண்டியை ஒப்படையுங்கள். பெட்ரோல் நிரப்பும்போது சமையல் கேஸ் வால்வை மூடியிருக்க வேண்டும்.